ஆரஞ்சு மீன் கறுக்குது, கறுப்பு மீன் வெளுக்குது

புதிதாக வாங்கிய சின்ன கோல்டு ஃபிஷ் உடம்பில் திடீரென்று வேறு நிறம் தெரிந்தால் பெரும்பாலானவர்களின் கை நேராக நீல மருந்து (மெத்திலீன் ப்ளூ) பாட்டிலுக்குப் போகிறது. தயவுசெய்து அன்றைக்கு மட்டுமாவது அதைத் திறக்காதீர்கள். குட்டி மீன் நிறம் மாற எத்தனையோ காரணம் உண்டு. வயது, பரம்பரை, தண்ணீர், சூடு, தீனி, வெளிச்சம், தொட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாள்கூட. நோயும் அதில் ஒன்று, அவ்வளவுதான். எது என்று தெரியாமல் ஊற்றும் மருந்து, நன்றாக இருந்த மீனையும் படுக்க வைத்துவிடும்.

இதை இப்போது எழுதக் காரணம் அக்கா வீட்டுத் தொட்டி. அக்கா பையன் சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போய் மூன்று குட்டிகளை வாங்கி வந்திருந்தான். நல்ல ஆரஞ்சு நிறத்தில், தலையில் சதை வளரும் வகையான ஒராண்டா ஒன்று, கண் பிதுங்கிய கறுப்பு வகையான பிளாக் மூர் ஒன்று, அப்புறம் கடைக்காரர் கொசுறாகப் போட்டுக் கொடுத்த பழுப்பு நிறக் குட்டி ஒன்று. சுமார் 40 லிட்டர் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். கொஞ்ச நாள் கழித்து போன் வந்தது.

"மாமா, ஆரஞ்சு மீன் கறுப்பாகுது, கறுப்பு மீன் ஆரஞ்சாகுது. இதோட வியாதி அதுக்கும் ஒட்டுதா மாமா?"

பாவம், அழும் நிலையில் இருந்தான். வாட்ஸ்அப்பில் படம் பார்த்த ஒரு கடையில் "ஃபங்கஸ், மருந்து போட்டா சரியாயிடும்" என்று சொல்லி நீல மருந்தும் மஞ்சள் பவுடரும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நல்லவேளை, தொட்டியில் போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டான். ஒரே தொட்டியில் மூன்று மீன், மூன்றுக்கும் மூன்று வேறு கதை. ஒரு மீனுக்குத்தான் உண்மையில் பிரச்சினை இருந்தது, அதற்கும் அந்த இரண்டு மருந்தும் தேவைப்படவில்லை.

படத்தைப் பார்த்து நான் எதுவும் சொல்லவில்லை. தொட்டி விளக்கின் நீலமும் ரோஸும் கலந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தை வைத்து நிறத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. அதற்குப் பதிலாக மீன் எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டேன். தீனி போட்டால் ஓடி வருகிறதா, துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அடியில் உட்கார்ந்திருக்கிறதா, கல்லில் உரசுகிறதா, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகிறதா, சாணி எப்படி இருக்கிறது. மூன்றும் நன்றாகச் சாப்பிடுகின்றன, உரசவில்லை என்றான். ஆனால் ஆரஞ்சு மீன் சில நாளில் காலை எழுந்து பார்க்கும்போது மேலேயே நின்று வாயை அசைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு வார்த்தை சேர்த்தான். எனக்கு அந்த "சில நாளில்" போதுமாக இருந்தது. எந்த நாளில் என்று கேட்டதற்கு, "வெள்ளி, சனிக்கிழமைல மாமா. ஞாயித்துக்கிழமை தொட்டியைக் கழுவினதும் சரியாயிடும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கழுவுவது என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று தெரியும். மீனை ஒரு பக்கெட்டில் எடுத்துவைத்து, தண்ணீரை முழுக்கக் கொட்டி, கல்லை எல்லாம் தேய்த்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக வரும்வரை கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவது. அக்காவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள், அவ்வளவு அக்கறையாக. பார்க்க சுத்தமாக இருக்கும். ஆனால் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா குடியிருப்பது அந்த அழுக்கு ஸ்பாஞ்சில்தான். புதுத் தொட்டியில் அவை போதுமான அளவுக்குப் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். வாரா வாரம் குளோரின் கலந்த தண்ணீரில் பிழிந்தால் அந்த வேலை ஒவ்வொரு ஞாயிறும் முதலிலிருந்து தொடங்குகிறது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை போகாமல் சனிக்கிழமை போனேன். தண்ணீர் மாற்றிய கையோடு சோதித்தால் எல்லாத் தொட்டியும் நல்ல தொட்டிதான். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டிராப் கிட்டில் அமோனியா 1 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் ஒரு பங்கை) தாண்டிப் பச்சை காட்டியது. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 8 பக்கம். தண்ணீரின் சூடு 31 டிகிரி, கோல்டு ஃபிஷ்ஷுக்குச் சுகமான சூடு 18-லிருந்து 24 வரைதான். இந்த மூன்று எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். தண்ணீரில் அமோனியா இரண்டு உருவத்தில் இருக்கும், அதில் அமோனியம் அவ்வளவு கெடுதல் செய்யாது, இன்னொன்று செவுளையும் தோலையும் சுடுகிறது. பிஎச் 7, சூடு 25 டிகிரி என்றால் மொத்தத்தில் அந்தக் கெட்ட பங்கு நூற்றுக்கு அரைதான். பிஎச் 8, சூடு 30 என்றால் நூற்றுக்கு 7-க்கு மேல் போய்விடும். கிட் காட்டும் எண் இரண்டிலும் ஒன்றேதான்! போர் தண்ணீரும் சென்னை வெயிலும் சேர்ந்த வீடுகளில் "கொஞ்சம்தானே அமோனியா" என்று விட்டுவிட முடியாது என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான். போதாக்குறைக்குச் சூடான தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறைவாகத்தான் கரையும்.

அப்புறம்தான் மீனைப் பார்த்தேன். ஒளி ஊடுருவும் டப்பா ஒன்றில் தொட்டித் தண்ணீரையே எடுத்து, மீனை வலையால் பிடிக்காமல் டப்பாவாலேயே மொண்டு, ஜன்னல் ஓரம் வைத்து, பின்னால் வெள்ளைத் தாள். பகல் வெளிச்சம்தான் வேண்டும். பார்க்க வேண்டிய முதல் விஷயம், நிறம் தோலுக்குள் இருக்கிறதா அல்லது தோலின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது. மீனைப் பக்கவாட்டில் திருப்பி டார்ச் அடித்தால் தெரியும். கறுப்பின் மேலேயே செதில் பளபளவென்று வழவழப்பாக இருந்தால் அது உள்ளே இருக்கும் நிறமி. மேடு தட்டியோ, நார் நாராகத் தொங்கியோ, தூசியாகவோ, சளியாகவோ இருந்தால் வெளியிலிருந்து வந்தது. ஃபங்கஸ் என்றால் பொதுவாக வெள்ளையாகவோ சாம்பலாகவோ பஞ்சு பிடித்திருக்கும். ஒராண்டாவுக்கு இருந்ததோ உதட்டு ஓரம், செவுள் மூடியின் விளிம்பு, முதுகுத் துடுப்பின் நுனி, வால் நுனி, இங்கெல்லாம் புகை படிந்த மாதிரி வழவழப்பான கறுப்பு. தடவிப் பார்க்கத் தேவையே இல்லை, தோலுக்குள்தான் இருந்தது.

மீனின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். தோலில் அடுக்கடுக்காக நிற செல்கள் இருக்கின்றன. கறுப்பு நிறமி வைத்திருப்பவை மெலனோஃபோர், மஞ்சள் சிவப்பு வைத்திருப்பவை சாந்தோஃபோர், எரித்ரோஃபோர். வெளிச்சத்தைத் திருப்பி அடித்துப் பளபளப்புக் கொடுப்பவை இரிடோஃபோர். மெலனோஃபோருக்குள் இருக்கும் கறுப்புத் துகள்கள் செல் முழுக்கப் பரவினால் மீன் கறுக்கும், நடுவில் ஒடுங்கினால் வெளுக்கும். இது நிமிடங்களில் நடக்கும். பயந்த மீன் வெளுப்பதும், இருட்டில் இருந்த மீன் விளக்கைப் போட்டதும் மங்கலாகத் தெரிவதும், வெள்ளை டப்பில் விட்ட மீன் நிறம் குறைவதும் இந்த வகை. அந்த செல்களே கூடுவதும் சாவதும் இன்னொரு வகை, அதற்கு வாரக்கணக்கு ஆகும். அதனால் நான் எப்போதும் கேட்கும் கேள்வி, மாற்றம் எவ்வளவு வேகமாக வந்தது என்பதுதான். காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி என்றால் பயமோ, வெளிச்சமோ, தண்ணீரோ. வாரக்கணக்கில் ஊர்ந்து வந்தது என்றால் வளர்ச்சியோ, பரம்பரையோ, ஆறிக்கொண்டிருக்கும் காயமோ.

ஒராண்டாவுக்கு அந்தக் கடைசி வகை. அமோனியா சுட்ட இடம் ஆறத் தொடங்கும்போது கறுப்பு நிற செல்கள் அங்கே போய்ச் சேர்கின்றன. கறுப்பைப் பார்த்துதான் ஆட்கள் பயப்படுகிறார்கள், ஆனால் கறுப்பு வந்துவிட்டது என்றால் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் அமோனியா இன்னும் இருக்கும் தொட்டியில் எப்படிக் கறுப்பு வந்தது? ஞாயிறு தண்ணீர் மாற்றியதும் இரண்டு நாள் ஆறுகிறது, வாரக் கடைசியில் மறுபடி சுடுகிறது, மறுபடி ஆறுகிறது. வாரா வாரம் இதே. மீன் கறுத்துக்கொண்டும் மூச்சு வாங்கிக்கொண்டும் இருந்ததன் கணக்கு இதுதான்.

வைத்தியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. முழுத் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, தினமும் கால் பங்கு மட்டும், ஆன்டி குளோரின் போட்டு, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்குக் கொண்டுவந்து மாற்றச் சொன்னேன். ஸ்பாஞ்சை வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை லேசாக அமுக்கினால் போதும். தீனி ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை, அதுவும் அரை நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. ஏர் பம்ப்பை இரவு பகலாக ஓட விட வேண்டும். அப்புறம் என் தொட்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன், பாக்டீரியாவுக்கு நாற்று மாதிரி. இதை நோய் இல்லாத தொட்டியிலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும், கடைத் தொட்டி ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்காதீர்கள். நைட்ரைட் ஏறும் வாரங்களில் லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு போடுவது நல்லது. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும்.

நீல மருந்து ஏன் கூடாது என்று அக்கா கேட்டாள். மெத்திலீன் ப்ளூ கெட்ட மருந்து இல்லை. முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுவார்கள், தனி டப்பில் வைத்துச் செய்யும் வைத்தியத்துக்கும் உதவும். ஆனால் ஃபில்டர் ஓடும் தொட்டியில் ஊற்றினால், இப்போதுதான் குடியேறிக்கொண்டிருக்கும் அந்த பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும். அமோனியாவால் கறுத்த மீனுக்கு அமோனியாவையே கூட்டும் மருந்து! மஞ்சள் பவுடரும் அப்படித்தான், எதற்கு என்று தெரியாமல் போடவே கூடாது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைத்தேன்: தண்ணீர் சரியானதும் கறுப்பு முதலில் அதிகமாகும். அதுதான் நடந்தது. செவுள் மூடி முழுக்கக் கறுத்து, முதுகில்கூடக் கோடு இறங்கியது. சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் கட்டத்தில் நிச்சயம் மருந்து உள்ளே போயிருக்கும். அமோனியா பூஜ்யத்தில் நின்று சில வாரம் ஆனதும் கறுப்பு ஓரத்திலிருந்து கரைய ஆரம்பித்தது. இப்போது வால் நுனியில் மட்டும் ஒரு கோடு இருக்கிறது. அது போகலாம், அப்படியே நிற்கவும் செய்யலாம், மீனுக்கு அதனால் ஒன்றும் இல்லை.

அடுத்தது பிளாக் மூர். இதற்கு வயிற்றில் செம்பு நிறம். இரண்டு பக்கமும் சமமாக, வயிற்றிலிருந்து மேலே ஏறுகிற மாதிரி, செதில் செதிலாக மாறியிருந்தது. செதில் எதுவும் தூக்கவில்லை, சளி இல்லை, சாப்பாட்டில் குறை இல்லை. இது நோயே இல்லை. பிளாக் மூர் குட்டியாக இருக்கும்போது பழுப்பாக இருந்து, வளர வளரக் கறுத்து, அப்புறம் பல மீன்களில் அந்தக் கறுப்பு செல்கள் குறைந்து அடியில் இருக்கும் செம்பும் ஆரஞ்சும் வெளியே வந்துவிடும். சூடான தண்ணீரில் இது சீக்கிரம் நடக்கும், நம் ஊரில் கறுப்பாகவே நிலைத்து நிற்கும் மூர் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். கலர் தீனி போட்டால் கறுப்பு திரும்புமா என்று பையன் கேட்டான். திரும்பாது. தீனியில் இருக்கும் கரோட்டினாய்டு மஞ்சளையும் சிவப்பையும்தான் கூட்டும், அதை மீனால் சொந்தமாகத் தயாரிக்க முடியாது என்பதால் ஸ்பைருலினா பாசியும் இறாலும் சேர்ந்த தீனி ஆரஞ்சு மீனுக்கு நல்லது. கறுப்பு மெலனின், அது மீனே உள்ளே தயாரிப்பது. "அப்ப இது இனிமே ஆரஞ்சு மூரா?" என்று கேட்டுவிட்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கென்னவோ பாதி கறுப்பு பாதி செம்பாக இருக்கும் இந்த இடைக்கால நிறம்தான் மூருக்கு மிக அழகு.

மூன்றாவது, கொசுறாக வந்த பழுப்பு. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். எல்லா சாதாரண கோல்டு ஃபிஷ்ஷும் குட்டியாக இருக்கும்போது இந்த நிறம்தான், சீனாவில் குளத்து மீனாக இருந்த அதன் மூதாதையின் நிறம். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் மாற ஆரம்பிக்கும், சிலது ஒரு வருடம் எடுத்துக்கொள்ளும், சிலது கடைசிவரை பழுப்பாகவே இருந்துவிடும். மாறப் போகும் குட்டி முதலில் இன்னும் கறுக்கும், அழுக்குப் பிடித்த மாதிரி இருக்கும், அப்புறம் வயிற்றுப் பக்கம் வெளுத்து மஞ்சள் எட்டிப் பார்க்கும், கறுப்பு திட்டுத்திட்டாக முதுகுக்கு ஒதுங்கி ஒரு நாள் காணாமல் போகும். இந்தத் திட்டுக் கட்டத்தில்தான் நிறைய பேர் பயந்துபோய் மருந்தைக் கொட்டுகிறார்கள். வயதுக்கு வரும் பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பீர்களா? விட்டுவிடுங்கள்.

சரி, எதைப் பார்த்தால் உண்மையிலேயே பயப்பட வேண்டும்? ரவையைத் தூவியது போலத் தனித்தனி வெள்ளைப் புள்ளி, கூடவே கல்லில் உரசல் இருந்தால் அது இக், ஒட்டுண்ணி. மருந்து அதன் நீந்தித் திரியும் பருவத்தில்தான் வேலை செய்யும் என்பதால் புள்ளி மறைந்த பிறகும் தொடர வேண்டும். வளர்ந்த ஆண் கோல்டு ஃபிஷ்ஷுக்குச் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முதல் முள்ளிலும் வரிசையாக வெள்ளைப் புள்ளி வரும், அது இனப்பெருக்க கால அடையாளம், அதைப் போய் இக் என்று நினைக்கக் கூடாது. இருட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் பொன் நிறத்தில் மெல்லிய தூசி மினுங்கினால் வெல்வெட், அதுவும் ஒட்டுண்ணிதான். முதுகின் குறுக்கேயோ வாய் ஓரத்திலோ சாம்பல் வெள்ளைத் திட்டு வந்து காலைக்கும் மாலைக்கும் பெரிதாகிறது என்றால் காலம்னாரிஸ், பாக்டீரியா நோய், சூடு அதிகமானால் இன்னும் வேகம் எடுக்கும், இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. துடுப்பிலும் வயிற்றிலும் ரத்தக் கோடு, செதில் தூக்கி நிற்பது, செவுள் சிவப்பு போய் பழுப்பாவது, இதெல்லாம் உடனே பார்க்க வேண்டியவை. செவுள் பழுப்பானால் முதலில் நைட்ரைட்டைச் சோதியுங்கள். ஒரு மீன் மட்டும் உடம்பு முழுக்கக் கறுத்துக்கொண்டே போனால் அதற்குக் கண் தெரிகிறதா என்று பாருங்கள். பார்வை போன மீனுக்குச் சுற்றிலும் இருட்டு என்றுதான் உடம்பு நினைக்கும், அதற்கேற்ப நிறமும் கறுக்கும்.

மற்ற மீன்கள் பற்றியும் இரண்டு வரி. நியான் டெட்ரா இரவில் நிறம் இழப்பது இயல்பு, பகலில் அந்த நீலக் கோடு நடுவில் அறுந்து வெளுத்திருந்தால் இயல்பு கிடையாது. மார்பிள் வகை ஃபைட்டர் மீன் வாழ்நாள் முழுக்க மாறிக்கொண்டேதான் இருக்கும். அப்புறம், ரோஸ், பச்சை, ஊதா என்று விற்கும் சாயம் ஏற்றிய கண்ணாடி மீனும் விடோ டெட்ராவும் சில மாதத்தில் வெளுக்கும், காரணம் ஏற்றிய சாயம் போவதுதான். ஊசி குத்தியோ சாயத்தில் முக்கியோ செய்யும் வேலை அது. அந்த மீன்களை வாங்காதீர்கள், வாங்க ஆள் இருக்கும்வரை அதைச் செய்துகொண்டே இருப்பார்கள்.

யாரிடமாவது உதவி கேட்கும்போது வெறும் படம் மட்டும் அனுப்பிவிட்டு "என்ன நோய்?" என்று கேட்காமல், தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை மீன், தொட்டி வைத்து எவ்வளவு காலம், கடைசியாக எப்போது எவ்வளவு தண்ணீர் மாற்றினீர்கள், ஸ்பாஞ்சை எதில் கழுவுகிறீர்கள், தண்ணீர் மாற்றுவதற்கு முந்தைய நாள் எடுத்த அமோனியா, நைட்ரைட், பிஎச் அளவு, சூடு, நிறம் எந்த இடத்தில் தொடங்கி எந்தப் பக்கம் நகர்ந்தது, இவ்வளவையும் சொல்லுங்கள். படம் அனுப்பினால் பகல் வெளிச்சத்தில், ஒரே இடத்தில், சில நாள் இடைவெளி விட்டு எடுத்த இரண்டு படம். கிட் இல்லாதவர்கள் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து கிட் வைத்திருக்கும் கடைக்கோ நண்பரிடமோ எடுத்துப் போகலாம், ஆனால் அன்றே போய்விடுங்கள், பாட்டிலில் வைத்திருந்தால் அளவு மாறிவிடும்.